நெகட்டிவ், ஸ்லைடு ஸ்கேன்: கலர் ப்ரொஃபைலும் செட்டிங்கும், முழுமையான வழிகாட்டி

ஒரே ரோல், ஒரே கல்யாண மண்டபம், ஒரே ஃபிளாஷ். ஏழாவது ஃபிரேமில் மணப்பெண்ணின் முகம் பச்சை தட்டுகிறது. எட்டாவதில் நீலம் அடிக்கிறது. ஒன்பதாவதில் அரக்குப் பட்டு செங்கல் நிறமாகிவிட்டது. ஃபிலிம் கெட்டுவிட்டது என்றோ ஸ்கேனர் மட்டம் என்றோ முடிவு கட்டுவதற்கு முன், ஸ்கேனர் மென்பொருளில் ‘ஆட்டோ’ என்று தொடங்கும் பெட்டிகளில் எத்தனை டிக் ஆகியிருக்கின்றன என்று பாருங்கள். ஆட்டோ கலர் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. சட்டம் முழுக்கச் சிவப்புப் புடவை என்றால், சிவப்பு அதிகமாகிவிட்டது என்று நினைத்துச் சயானை (சிவப்புக்கு எதிரான நீலப்பச்சையை) கொட்டுகிறது. பின்னால் வாழைமரமும் தோரணமும் நிறைந்திருந்தால் மெஜந்தாவை (பச்சைக்கு எதிரான கருஞ்சிவப்பு ஊதாவை) கொட்டுகிறது.

ஸ்கேனர் அளக்க மட்டும் செய்யட்டும். எந்த நிறம் சரி என்பதைப் பிறகு, ஒரே இடத்தில், ஒரே தடவை நீங்கள் தீர்மானியுங்கள். கீழே சொல்லும் செட்டிங் எல்லாம் இதற்காகத்தான்.

கையில் இருப்பது என்ன ஃபிலிம்?

செட்டிங்கைத் தொடுவதற்கு முன் ஃபிலிமின் ஓரத்தில் அச்சாகியிருப்பதைப் படியுங்கள். ஃபிலிமே ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் சி-41 என்ற ரசாயன முறையில் கழுவும் கலர் நெகட்டிவ்: கோடாக் கோல்ட், கோனிகா, ஃபூஜிகலர் எல்லாம் இதுதான். நேராகவே சரியான நிறத்தில் தெரிந்தால் ஸ்லைடு. அதில் எக்டாக்ரோம், வெல்வியா, ப்ரோவியா ஆகியவை இ-6 முறையில் கழுவப்பட்டவை. கோடாக்ரோம் தனி ஜாதி, தனி முறை. கறுப்பு வெள்ளையிலும் இரண்டு வகை உண்டு. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ போன்ற வழக்கமான ஃபிலிமில் உருவத்தைத் தாங்குவது வெள்ளித் துகள். இல்ஃபோர்டு எக்ஸ்பி2 போன்றவற்றில் தாங்குவது சாயம். அதையும் சி-41 ரசாயனத்தில்தான் கழுவுவார்கள். இந்த வித்தியாசம் தூசி நீக்கும் இடத்தில் காலை வாரும், அங்கே சொல்கிறோம்.

ப்ரொஃபைல் மூன்று, குழப்பம் ஒன்று

ஐசிசி ப்ரொஃபைல் என்பது ஓர் அகராதி. ஸ்கேனர் தரும் 200, 120, 90 என்ற மூன்று எண்கள் அசலில் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்று சொல்லும் அகராதி. ஃபிலிம் வேலையில் மூன்று அகராதிகள் வரும். ஸ்கேனரின் கண்ணைப் பற்றியது இன்புட் ப்ரொஃபைல். திருத்தும்போதும் சேமிக்கும்போதும் பயன்படுவது வேலைக்கான நிறவெளி: எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி, ப்ரோஃபோட்டோ போன்றவை. மூன்றாவது மானிட்டருடையது.

குழப்பம் வருவது ‘அசைன்’, ‘கன்வர்ட்’ என்ற இரண்டு கட்டளைகளில். அசைன் செய்தால் எண்கள் மாறாது, அவற்றுக்கான அர்த்தம் மாறும். பார்வைக்கு நிறம் மாறிவிடும். கன்வர்ட் செய்தால் எண்கள் மாறும், நிறம் அப்படியே இருக்கும். ஸ்கேனரிலிருந்து ப்ரொஃபைல் இல்லாமல் வந்த கோப்புக்கு முதலில் ஸ்கேனர் ப்ரொஃபைலை அசைன் செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் அடோபி ஆர்ஜிபிக்குக் கன்வர்ட். தப்பான அகராதியை வைத்தால் வரும் நோய்கள் இரண்டு. எஸ்ஆர்ஜிபி கோப்புக்கு அடோபி ஆர்ஜிபியை அசைன் செய்தால் சிவப்பும் பச்சையும் சாயம் ஏற்றினதுபோலக் கத்தும். அடோபி ஆர்ஜிபி கோப்பை எஸ்ஆர்ஜிபி என்று திறந்தால் படம் முழுக்கச் சோகை பிடித்திருக்கும்.

மானிட்டருக்கு 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா வரை. அளவுக் கருவி வைத்துச் சரிபார்க்காத லேப்டாப் திரையில் தோல் நிறம் திருத்துவது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு புடவை எடுப்பது மாதிரி.

எல்லா ஃபிலிமுக்கும் பொதுவான செட்டிங்

பழைய எப்சன் வி700 போன்ற டியூப் விளக்கு ஸ்கேனர்களைப் போட்டு 15, 20 நிமிடம் சூடாக விடுங்கள். வி600, வி850 ஆகியவற்றில் எல்இடி விளக்கு என்பதால் காத்திருக்கத் தேவையில்லை. ஃபிலிம் ஹோல்டரின் தலைப்பக்கத்தில் ஒரு சின்னத் திறந்த ஜன்னல் இருக்கும். அந்த வழியாகத்தான் ஸ்கேனர் வெறும் வெளிச்சத்தை அளந்து தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அதன்மேல் ஃபிலிம் நுனியோ தூசியோ விரலில் ஒட்டிய டேப் துண்டோ இருந்தால் படத்தில் நெடுக நிறக்கோடு விழும். இதற்குக் காரணம் தெரியாமல் சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

பிட் ஆழம் (ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் எத்தனை நுண்படிகளில் எழுதுவது என்ற அளவு): கலருக்கு 48, கறுப்பு வெள்ளைக்கு 16. ஏன் என்று நெகட்டிவ் பகுதியில் எண்ணோடு காட்டுகிறோம். கோப்பு வகை டிஃப். ஜேபெக் வேண்டாம்.

ரெசல்யூஷனில் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். வி600-ல் 6400 டிபிஐ என்று போட்டிருக்கும். சோதனைச் சட்டம் வைத்துப் பார்த்தால் உண்மையில் பிரித்துக் காட்டுவது சுமார் 1500 முதல் 1600 வரை. வி850 சுமார் 2300. பிளஸ்டெக் 8200 வரிசை 7200 என்று சொல்லி சுமார் 3250 தரும். நிக்கான் கூல்ஸ்கேன் 5000 மட்டும் சொன்ன 4000-க்குப் பக்கத்தில் நிற்கும். ஆகவே வி600-ல் 35 மி.மீ. ஃபிலிமை 3200-ல் ஸ்கேன் செய்து, தூசி எடுத்தபின் பாதியாகச் சுருக்கினால் எதுவும் நஷ்டமில்லை. கூல்ஸ்கேனில் 4000 வைத்தால் ஒரு ஃபிரேம் 5669 × 3780 பிக்சல். 48 பிட்டில் கிட்டத்தட்ட 129 எம்பி. ஒரு 36 ரோலுக்கு நாலரை ஜிபிக்கு மேல். வட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அணைக்க வேண்டியவை: ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ லெவல்ஸ், அன்ஷார்ப் மாஸ்க், கிரெயின் ரிடக்‌ஷன், கலர் ரெஸ்டோரேஷன், பேக்லைட் கரெக்‌ஷன். எப்சன் ஸ்கேன் மென்பொருளில் ப்ரொஃபெஷனல் மோடுக்குப் போய், கான்ஃபிகரேஷனில் கலர் பக்கத்தைத் திறந்தால் ‘நோ கலர் கரெக்‌ஷன்’ என்று ஒரு வட்டப் பொத்தான் இருக்கும். ஸ்லைடுக்கு ப்ரொஃபைல் போட்டு வேலை செய்ய அதுதான் வேண்டும். ‘கலர் கன்ட்ரோல்’ வழியிலேயே போக வேண்டிய கட்டாயம் இருந்தால், அங்கே ‘கன்டினியுவஸ் ஆட்டோ எக்ஸ்போஷர்’ டிக்கையாவது எடுத்துவிடுங்கள். ஃபிரேமுக்கு ஃபிரேம் நிறம் ஆடுவதற்குப் பெரும்பாலும் அந்த ஒரு டிக்தான் காரணம்.

ஸ்லைடு: இங்கேதான் ப்ரொஃபைல் முழுசாகப் பலன் தரும்

ஸ்லைடில் நிறம் ஃபிலிமிலேயே இருக்கிறது. லைட் பாக்ஸில் தெரிவது திரையிலும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதனால் ஸ்கேனரை அளந்து ப்ரொஃபைல் செய்ய முடியும். தேவைப்படுவது ஐடி8.7/1 டார்கெட். அது ஸ்லைடு ஃபிலிமில் அச்சான ஒரு சட்டம்: 12 வரிசை, 22 பத்தி, மொத்தம் 264 நிறக்கட்டம், அடியில் 24 படிகளில் சாம்பல் பட்டை. ஐடி8.7/2 என்பது காகிதத்தில் வருவது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கினால் ஃபிலிமுக்கு உதவாது. டார்கெட்டோடு ஓர் அளவீட்டுக் கோப்பும் தருவார்கள். டார்கெட்டில் அச்சான தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) எண்ணும் கோப்பின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண் வேறாக இருந்தாலும் மென்பொருள் எதிர்ப்பே சொல்லாமல் ப்ரொஃபைல் செய்து தந்துவிடும், தப்பான ப்ரொஃபைலை.

வியூஸ்கேன் என்ற ஸ்கேனர் மென்பொருளின் ப்ரொஃபெஷனல் பதிப்பில் செய்முறை இது.

1. கண்ணாடியை இரண்டு பக்கமும் துடைத்து, டார்கெட்டை ஸ்லைடு ஹோல்டரில் நேராக வையுங்கள். சுற்றியுள்ள காலி இடங்களைக் கறுப்பு அட்டையால் மூடுங்கள். திறந்த இடத்திலிருந்து சிதறும் வெளிச்சம் கரும்பகுதியை வெளுக்க வைக்கும். தலைப்பக்க ஜன்னலை மட்டும் மூடாதீர்கள்.
2. இன்புட் பக்கத்தில் மீடியா ‘ஸ்லைடு ஃபிலிம்’. கலர் பக்கத்தில் கலர் பேலன்ஸ் ‘நன்’.
3. ப்ரிவியூ எடுத்து எக்ஸ்போஷரைச் சரிபாருங்கள். சாம்பல் பட்டையின் வெள்ளைக் கட்டம் 240-க்கும் 250-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 255-ல் முட்டினால் குறையுங்கள். கறுப்புக் கோடியில் கடைசி இரண்டு கட்டங்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். சரியானதும் ‘லாக் எக்ஸ்போஷர்’ டிக் செய்யுங்கள்.
4. கலர் பக்கத்தில் ஐடி8 அளவீட்டுக் கோப்பைக் காட்டுங்கள்.
5. ப்ரொஃபைல் மெனுவில் ‘ப்ரொஃபைல் ஸ்கேனர்’. திரையில் வரும் கட்டவலை நிறக்கட்டங்களின்மேல் பொருந்தும்படி மூலைகளை இழுத்து வையுங்கள். பாதிக் கட்டம் தள்ளி நின்றாலும் எல்லாம் பாழ்.
6. உருவாகும் ஐசிசி கோப்பைக் கலர் பக்கத்தில் ஸ்கேனர் கலர் ஸ்பேஸாகத் தேர்ந்தெடுங்கள்.

காசு செலவழிக்க விருப்பமில்லாதவர்களுக்கு ஆர்கில் சிஎம்எஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் ஸ்கேன்இன் கட்டளை டார்கெட்டின் டிஃப் கோப்பைப் படித்து எண்களை எடுக்கும். கோல்ப்ராஃப் அதிலிருந்து ப்ரொஃபைல் செய்யும். கறுப்புத் திரையில் தட்டச்சு செய்ய வேண்டும், பொத்தான் கிடையாது. ஆனால் வேலையின் முடிவில் சராசரி டெல்டா இ (அசல் நிறத்துக்கும் ப்ரொஃபைல் சொல்லும் நிறத்துக்கும் உள்ள வித்தியாசம்) எவ்வளவு என்று சொல்லிவிடும். 1, 2 என்று வந்தால் நல்லது. 5-ஐத் தாண்டினால் கட்டவலை நகர்ந்திருக்கும், இல்லை ஏதோ ஓர் ஆட்டோ எங்கேயோ விழித்திருக்கும்.

இப்படிச் செய்த ப்ரொஃபைல், எந்த எக்ஸ்போஷரில் எந்த செட்டிங்கில் டார்கெட் ஸ்கேன் ஆனதோ அதற்குத்தான் பொருந்தும். இருட்டாக எடுத்த ஸ்லைடு ஒன்று வந்தால், ஸ்கேனரில் தூக்காமல் ப்ரொஃபைல் போட்டு கன்வர்ட் செய்தபின் தூக்குங்கள்.

டார்கெட் எந்த ஃபிலிமில் அச்சானதோ அந்தச் சாயத்தைத்தான் ப்ரொஃபைல் அறியும். எக்டாக்ரோம் டார்கெட்டில் செய்த ப்ரொஃபைல் ப்ரோவியாவுக்கு ஓரளவு சரிப்படும். கோடாக்ரோமுக்கு வைத்தால் நிழல்களில் நீலம் ஏறும், ஏனென்றால் அதன் சாயங்கள் வேறு. கோடாக்ரோம் தயாரிப்பு 2009-ல் நின்றது. கழுவித்தந்த கடைசி லேபான அமெரிக்காவின் ட்வெய்ன்ஸ் போட்டோ 2010 டிசம்பர் 30-ஓடு ரோல் வாங்குவதை நிறுத்தியது. ஆகவே கோடாக்ரோம் டார்கெட் இனிப் புதிதாகப் பிறக்காது. கிடைப்பது பழைய இருப்பு. அது இல்லாவிட்டால் வியூஸ்கேனின் ஸ்லைடு பட்டியலில் கோடாக்ரோமைத் தேர்ந்தெடுத்து, மிச்ச நீலத்தைச் சாம்பல் புள்ளி வைத்து எடுங்கள்.

ஸ்லைடின் கரும்பகுதியில் அடர்த்தி அதிகம். ஒரே ஃபிரேமை வெவ்வேறு எக்ஸ்போஷரில் இரண்டு தடவை ஓட்டிச் சேர்க்கும் ‘மல்ட்டி எக்ஸ்போஷர்’ உதவுவது இங்கேதான். ஒட்டுத்துணி மாதிரி இரட்டை விளிம்பு தெரிந்தால் இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் ஃபிலிம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அதை அணைத்துவிடுங்கள்.

கலர் நெகட்டிவ்: ப்ரொஃபைலைத் தேடாதீர்கள், அடிநிறத்தைப் பூட்டுங்கள்

‘கோடாக் கோல்ட் 200-க்கு ஐசிசி ப்ரொஃபைல் கிடைக்குமா’ என்று கேட்காதவர் இல்லை. நெகட்டிவுக்கு ஐடி8 போலத் தரப்படுத்திய ஒரு டார்கெட் கிடையாது. நெகட்டிவ் என்பது முடிந்த படம் அல்ல, பாதி சமைத்த சோறு. எக்ஸ்போஷர் எவ்வளவு, லேபில் ரசாயனம் எந்த நிலையில் இருந்தது, எத்தனை வருஷம் பீரோவில் வெந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு ரோலும் மாறும். ஆனால் ஒரு ரோலுக்குள் மாறாத ஒன்று இருக்கிறது. ஃபிரேம்களுக்கு நடுவில், வெளிச்சமே படாத அந்த ஆரஞ்சுத் துண்டு.

ஆரஞ்சு எதற்கு? மெஜந்தா, சயான் சாயங்கள் சுத்தமானவை அல்ல. விழுங்கக் கூடாத வெளிச்சத்தையும் கொஞ்சம் விழுங்கும். அந்தக் குறையை ஈடுகட்ட ஃபிலிமிலேயே நிறமுள்ள கப்ளர்களைச் சேர்த்திருக்கிறார்கள். அதன் விளைவுதான் ஆரஞ்சு. அதன் அடர்த்தி சிவப்பில் சுமார் 0.2, பச்சையில் 0.6, நீலத்தில் 0.9. அடர்த்தி 0.7 கூடினால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது நேர்கோட்டு, காமா 1.0 ஸ்கேனில் அடிநிறத்தின் சிவப்பு 240 என்றால் பச்சை 96, நீலம் வெறும் 48. அதே துண்டு காமா 2.2 கோப்பில் 248, 164, 119 என்று தெரியும். நாம் கண்ணால் பார்க்கும் ஆரஞ்சு அதுதான். 8 பிட் நேர்கோட்டு ஸ்கேனில் நீலச் சேனலின் முழு உலகமும் 48 படிகளுக்குள் அடங்கிவிடுகிறது. அதைத் திருப்பி 255-க்கு இழுத்தால் வானத்தில் பட்டை பட்டையாக விழாமல் என்ன செய்யும்? 48 பிட் கட்டாயம் என்பது இதனால்தான். கூல்ஸ்கேன் போல மூன்று நிற எல்இடி உள்ள ஸ்கேனரில் ‘அனலாக் கெய்ன்’ வழியாக நீலத்துக்கும் பச்சைக்கும் மட்டும் வெளிச்சத்தைக் கூட்டலாம். மேசை ஸ்கேனர்களில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை.

வியூஸ்கேனில் பூட்டும் வரிசை:

1. மீடியா ‘கலர் நெகட்டிவ்’. ரோலின் நுனி அல்லது ஃபிரேம் இடைவெளி தெரியும் ஸ்ட்ரிப்பை வைத்து ப்ரிவியூ. ரோலின் வெளிநுனி வெளிச்சம் பட்டுக் கறுத்திருக்கும். அது வேண்டாம், ஆரஞ்சுதான் வேண்டும்.
2. கிராப் சட்டத்தைச் சுத்தமான ஆரஞ்சுக்குள் மட்டும் வையுங்கள். ஸ்ப்ராக்கெட் ஓட்டை உள்ளே வந்தால் எக்ஸ்போஷர் தப்பும்.
3. ‘லாக் எக்ஸ்போஷர்’ டிக். மறுபடி ப்ரிவியூ.
4. இப்போது தோன்றும் ‘லாக் ஃபிலிம் பேஸ் கலர்’ டிக்.
5. கிராப்பை ஃபிரேமுக்கு நகர்த்தி ஸ்கேன். அந்த ரோல் முடியும் வரை இந்த இரண்டு டிக்கையும் தொடாதீர்கள். அடுத்த ரோலுக்கு ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

ஃபிலிம் பெயர்ப் பட்டியலில் உங்கள் ஃபிலிம் இல்லாவிட்டால் ‘ஜெனரிக்’ போதும்.

இரண்டாவது வழி, நெகட்டிவை நெகட்டிவாகவே எடுத்து வெளியில் திருப்புவது. வியூஸ்கேனில் ‘ரா’ கோப்பு, சில்வர்ஃபாஸ்ட் என்ற இன்னொரு ஸ்கேனர் மென்பொருளில் 48 பிட் எச்டிஆர் ரா. பிறகு லைட்ரூமில் நெகட்டிவ் லேப் ப்ரோ, அல்லது இலவசமான டார்க்டேபிளின் நெகாடாக்டர். நெகாடாக்டரில் முதல் வேலை ஆரஞ்சுத் துண்டின்மேல் சொட்டுக்குழலை வைப்பதுதான். எல்லா வழியும் அந்தத் துண்டுக்கே வந்து சேரும். கைமுறையாகச் செய்ய நினைப்பவர்கள் ஃபோட்டோஷாப் லெவல்ஸில் சேனல் சேனலாக வெள்ளைப் புள்ளியை ஆரஞ்சின் எண்ணுக்குக் கொண்டுவாருங்கள்: மேலே சொன்ன காமா 2.2 கோப்பில் சிவப்புக்கு 248, பச்சைக்கு 164, நீலத்துக்கு 119. ஆரஞ்சு வெள்ளையாகிவிடும். பிறகு இன்வெர்ட். அது கறுப்பாகும். பிறகு ஒவ்வொரு சேனலிலும் வெள்ளைப் புள்ளியை ஹிஸ்டோகிராம் முடியும் இடத்துக்கு நகர்த்துங்கள், கடைசியாக நடுப்புள்ளி. நேர்கோட்டுக் கோப்பை அப்படியே இன்வெர்ட் செய்யாதீர்கள். இன்வெர்ட் என்பது கழித்தல், ஃபிலிம் வேலை செய்வது வகுத்தலில். வெள்ளை வேட்டி, மேகம் போன்ற வெளிச்சப் பகுதிகள் மாவு பூசினதுபோலத் தட்டையாகிவிடும்.

கறுப்பு வெள்ளையும் தூசியும்

கறுப்பு வெள்ளைக்கு 16 பிட் கிரே. கலராக ஸ்கேன் செய்து பச்சைச் சேனலை மட்டும் வைத்துக்கொண்டால் பல மேசை ஸ்கேனர்களில் விளிம்பு இன்னும் கூர்மையாக வரும். செய்து பார்த்து முடிவெடுங்கள்.

டிஜிட்டல் ஐஸ் போன்றவை அகச்சிவப்புக் கதிரில் இன்னொரு ஸ்கேன் எடுத்துத் தூசியைக் கண்டுபிடிக்கின்றன. சாயம் அகச்சிவப்பை விட்டுவிடும், தூசி மறைக்கும். வெள்ளித் துகளும் மறைக்கும். அதனால் ‘இந்து’ ரோலில் ஐஸ் போட்டால் தாத்தாவின் மீசையையே தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும். எக்ஸ்பி2-க்குப் பிரச்சினையில்லை. கோடாக்ரோமில் சயான் சாயம் அகச்சிவப்பைக் கொஞ்சம் விழுங்குவதால் அடர்ந்த இடங்களில் நுணுக்கம் போகும். மென்மையான அளவில் வைத்துச் சோதியுங்கள். ஐஸ் இருக்கிறதே என்று ப்ளோயரை ஒதுக்காதீர்கள். ஒரு ஸ்ட்ரிப்புக்கு நாலு ஊதல், பிற்பாடு நாற்பது நிமிடத்தை மிச்சமாக்கும்.

சேமிக்கவும் கொடுக்கவும்

மூலக்கோப்பு 48 பிட் டிஃப், அடோபி ஆர்ஜிபி. வெல்வியாவின் கொதிக்கும் சிவப்பு, பச்சைக்கு ப்ரோஃபோட்டோ வைக்கலாம், ஆனால் அதை 8 பிட்டில் ஒருபோதும் சேமிக்காதீர்கள்; அத்தனை பெரிய வெளியை 256 படியில் அடைத்தால் பட்டை விழும். வாட்ஸ்அப், இணையம், பெரும்பாலான பிரிண்ட் லேப்கள் எல்லாவற்றுக்கும் எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்த 8 பிட் ஜேபெக், ப்ரொஃபைலை உள்ளே பதித்து.

வழக்கமாக வரும் கோளாறுகள்

வண்ணவில் வளையங்கள் தெரிந்தால் ஃபிலிம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சுருட்டையை எடுக்க ஓரிரு நாள் கனமான புத்தகத்துக்கடியில் வையுங்கள். நிழலில் மெஜந்தா, வெளிச்சத்தில் பச்சை என்று இரண்டாகப் பிரிந்திருந்தால் ஒரே ஸ்லைடரால் தீராது: சாயம் மங்கிய ஃபிலிம் அது, சேனல் வாரியாக வளைகோடு போட வேண்டும். வியூஸ்கேனின் ‘ரெஸ்டோர் ஃபேடிங்’ நல்ல தொடக்கம், முடிவல்ல. மென்பொருளில் சரியாகவும் வேறு திரையில் மோசமாகவும் தெரிந்தால் ப்ரொஃபைல் பதியாமல் போயிருக்கும்.

எல்லாம் செய்தும் பச்சை தட்டினால், அதே ரோலில் தள்ளித்தள்ளி மூன்று ஃபிரேமைப் பூட்டிய செட்டிங்கில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றிலும் ஒரே அளவு பச்சையா? அப்படியானால் ஸ்கேன் சரி. ஒரு ஃபிரேமில் வேட்டியையோ சுண்ணாம்புச் சுவரையோ பார்த்துத் திருத்தி, அதே திருத்தத்தை அதே வெளிச்சத்தில் எடுத்த மிச்சப் படங்களுக்கும் ஒட்டிவிடலாம்.